கம்பளிக்குள் இருந்த கை

கூக்கால் திருமலைச்சாமிக்கு வலது கை இருக்கிறதா, இல்லையா என்று கோடைக்கானல் சந்தையில் ஒரு காலத்தில் பந்தயம் கட்டினார்கள். நாலு பொதிக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு வருவார். இடது கையால் கயிறு பிடிப்பார், இடது கையால் பீடி குடிப்பார், இடது கையாலேயே கிழங்கு மூட்டையைத் தட்டிக் காட்டுவார். வலது கை கறுப்புக் கம்பளிக்குள்ளேயே கிடக்கும். ஆள் கூடுமுன் மூட்டை இறக்க மட்டும் வெளியே வரும், இறக்கி முடித்ததும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். குளிருக்குப் பயந்த ஆள் என்றார்கள் சிலர். கூக்காலில் பிறந்தவனைக் குளிர் என்ன செய்துவிடும் என்றார்கள் மற்றவர்கள். உண்மைக் காரணம் அவர் மனைவி முருகம்மாளுக்கே பன்னிரண்டு வருசம் தெரியாது.

சந்தை ஞாயிற்றுக்கிழமை. மேல்மலைக் குதிரைக்காரர்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை புறப்பட்டு, பூம்பாறையில் தங்கி, சனிக்கிழமை பொழுது சாயக் கோடைக்கானலில் இறங்குவார்கள். திருமலைச்சாமி மட்டும் வியாழக்கிழமையே கிளம்பிவிடுவார். வெள்ளி சாயங்காலம் வந்து சேர்ந்து, சனிக்கிழமை முழுக்க வேலை வெட்டி இல்லாமல் இருப்பார். கேட்டால், குதிரைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்பார். குதிரைகளைக் கேட்டிருந்தால் அவை வேறு கதை சொல்லியிருக்கும்.

அவர் தங்கியது மேட்டுத்தெரு பங்களா ஒன்றின் பின்புறக் கொட்டகையில். பங்களாவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக இருந்தார். பெயர் ஹன்னா. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்ததால் ஊருக்கு அவர் பியானோ அம்மா. கொட்டகைக்கு வாடகை கிடையாது. ரோஜாச் செடிகளுக்குக் குதிரைச் சாணம் விழுந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்தாறாம் வருசம் அது. வந்த முதல் சனிக்கிழமை, சும்மா தங்குகிறோமே என்று மனசு கேட்காமல் திருமலைச்சாமி கோடாலியை எடுத்து விறகு பிளக்க ஆரம்பித்தார். அம்மாள் வாசலுக்கு ஓடிவந்து, இன்று வேண்டாம், இன்று வேலை செய்யும் நாள் அல்ல என்றார். வீட்டில் சாவு விழுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து இவர் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துண்டை எடுத்தார்.

சாவு இல்லை, சனிக்கிழமைதான் என்று புரிய வைக்க அம்மாளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. மாதாகோயில்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதானே என்று கேட்டார் இவர். நான் மாதாகோயில் அல்ல, நாங்கள் யூதர்கள் என்றார் அம்மாள். இந்த மலையில் எங்கள் ஆட்கள் நான் ஒருத்திதான் என்றும் சொன்னார். நல்லது கெட்டதுக்குக் கூடப் பங்காளி இல்லாமல் ஒரு மனுசி எப்படி இருப்பாள் என்று திருமலைச்சாமிக்கு அன்றெல்லாம் மனசு ஆறவில்லை. பங்காளியைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பது வேறு விசயம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திருமலைச்சாமிக்கு ஒரே தம்பி, பழனிச்சாமி. பதினைந்து வயசு இளையவன். கூக்கால் ஏரியின் மடையைத் திறந்து மூடுகிற உரிமை அவர்கள் வீட்டுக்கு உரியது. யார் கையில் மடைக்கம்பு இருக்கிறதோ அவன் சொல்லுக்குத்தான் ஊரில் தண்ணீர் நடக்கும். தகப்பனார் தளர்ந்துபோனதும் கம்பைப் பெரியவனிடம் கொடுப்பார் என்று எல்லாரும் இருந்தார்கள். கிழவர் சின்னவனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். பெரியவன் கணக்காக வேலை செய்வான், சின்னவனுக்குத்தான் தண்ணீர் மேல் ஆசை இருக்கிறது என்று ஊரார் முன்னிலையில் சொல்லவும் சொன்னார். ஆசை இருந்தது வாஸ்தவம்தான். பழனிச்சாமி காலையில் எழுந்தவுடன் பல் துலக்குவதற்கு முன்னால் ஏரியைத்தான் போய்ப் பார்ப்பான். அதற்காக முப்பத்தேழு வயசு மனுசனைச் சபையில் வைத்து அப்படிச் சொல்லலாமா? திருமலைச்சாமிக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

ஐம்பத்திரண்டு ஜனவரியில் உறைபனி பொல்லாததாக விழுந்தது. விடிவதற்குள் தண்ணீர் பாய்ச்சிப் பனியைக் கழுவிவிட்டால் உருளைக்கிழங்குச் செடி பிழைக்கும். வெயில் ஏறிவிட்டால் அவ்வளவும் கருகிவிடும். அந்த வாரத்துத் தண்ணீர் முறை வேறு தெருவுக்கு. பழனிச்சாமி முறை மாறித் திறக்கமாட்டான் என்பது அண்ணனுக்குத் தெரியும். அதனால் கேட்கவே இல்லை. வெள்ளனே எழுந்துபோய்க் கம்பை எடுத்து, தானே மடையைத் திறந்தார். பழக்கமில்லாத கை. அடைப்புக்கட்டை பிளந்துபோய்த் தண்ணீரோடு போனது. ஊர் விழித்து வந்து மண்மூட்டை போட்டு அடைப்பதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஏரி சேறாகிவிட்டது. அந்தக் கோடையில் ஊரில் மாடுகள் செத்தன.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வயல் ஒன்றுதான் பனிக்குத் தப்பியிருந்தது. கம்பு தம்பி பொறுப்பில். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கோயில் முன்னால் ஊர் கூடியது. பெரியதனம் நல்லுசாமி, அதாவது ஊர்த்தலைவர், பழனிச்சாமியை நடுவில் நிறுத்தினார்.

கூக்காலில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய குற்றமானாலும், ஊரைவிட்டு விலக்குவதற்கு முன்னால் இவனுக்குக் கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பெரியதனம் மூன்று தரம் கேட்க வேண்டும். சொந்தபந்தத்தில் ஒரு ஆண் முன்னே வந்து, கோயில் படியைத் தொட்டுச் சத்தியம் செய்து, குற்றவாளியின் மணிக்கட்டைப் பிடித்தால் போதும். அதன் பிறகு அவன் செய்வதற்கெல்லாம் கை கொடுத்தவன்தான் பொறுப்பு. விலக்கு விழாது, அபராதத்தோடு போய்விடும். நல்லுசாமி மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் திருமலைச்சாமியின் வலது கை கம்பளிக்குள் இருந்தது. கை கொடுக்கப் போனால் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பழனிச்சாமி ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வயசுப் பையன், கட்டியிருந்த வேட்டியோடு எல்லைக்கல்லைத் தாண்டிப் போனான்.

தகப்பனார் எட்டு மாசம் இருந்தார். பொழுது சாய்ந்தால் சின்னவன் ஏரியிலிருந்து வந்துவிட்டானா என்று கேட்பார். முருகம்மாள் வருவான் மாமா என்று சொல்லிக் கஞ்சி கொடுப்பாள். திருமலைச்சாமி எழுந்து குதிரைக் கொட்டடிக்குப் போய்விடுவார். மடைக்கம்பு அவர் கைக்கு வந்தது. அதை அவர் இடது கையால்தான் எடுத்தார்.

தம்பி எங்கே போனான் என்று மூன்று வருசம் கழித்துச் சந்தையில் விறகுக்காரன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. பேத்துப்பாறையில் காப்பித் தோட்டத்தில் கூலிக்கு இருக்கிறான், கல்கட்டு வேலையில் கெட்டிக்காரன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். கோடைக்கானலிலிருந்து பேத்துப்பாறை ஒரு காலைப்பொழுது நடை. வியாழக்கிழமையே புறப்படுகிற ரகசியம் இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் திருமலைச்சாமி கிளம்புவார். ஊரின் வடக்கு விளிம்பில் விறகுக்காரர்கள் சுமை இறக்குகிற பாறை ஒன்று இருக்கிறது. அதன்மேல் நின்றால் கீழே தோட்டங்களும், பேத்துப்பாறைப் பக்கத்துக் கூரைகளும் தெரியும். மேகம் இல்லாத நாளில் அடுப்புப் புகை தெரியும். எந்தப் புகை தம்பி வீட்டுப் புகை என்று தெரியாது. எல்லாவற்றையும் பார்ப்பார். இறங்கிப்போகிற பாதை அவர் காலடியில்தான் ஆரம்பிக்கும். மத்தியானம் ஆனதும் திரும்பிக் கொட்டகைக்கு வந்துவிடுவார். மேகம் மூடிய நாட்களில்கூட அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். இப்படி எத்தனை வருசம் என்கிறீர்கள்? சொன்னால் எனக்கே கோபம் வருகிறது.

பியானோ அம்மாள் சனிக்கிழமை பியானோவைத் திறக்கமாட்டார். வராந்தாவில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக எழுதிய பழைய புத்தகம் ஒன்றை வாய்விட்டு வாசிப்பார். வாரத்துக்கு ஒரு பகுதி. வருசம் ஒன்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. பாறையிலிருந்து திரும்பிவந்த திருமலைச்சாமி வராந்தாப் படியில் உட்காருவார். மலையில் அன்றைக்குச் சும்மா இருந்த ஆட்கள் அவர்கள் இருவர்தான். என்ன வாசிக்கிறீங்க என்று இவர் ஒரு நாள் கேட்க, அம்மாள் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர் ஒரு வயசான முன்ஷி; அதனால் அம்மாள் பேசினால் அச்சடித்த காகிதத்தைப் படிக்கிற மாதிரி இருக்கும்.

உறைபனி விழுகிற மாசத்தில் வருசாவருசம் ஒரே கதைதான் வரும். யாக்கோபு என்று ஒரு தகப்பன், அவனுக்குப் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள். பதினோராவது பிள்ளை யோசேப்பு மேல் தகப்பனுக்கு உயிர். அவனுக்கு மட்டும் ஒரு அழகான அங்கி செய்து கொடுத்தான். முதல் வருசம் இந்த இடம் வந்ததுமே குதிரைக்குத் தண்ணி காட்டணும் என்று திருமலைச்சாமி எழுந்துவிட்டார். அடுத்த வருசம், பொறாமை பிடித்த அண்ணன்மார்கள் அவனைக் குழியில் தள்ளி வழிப்போக்கு வியாபாரிகளுக்கு விற்றது வரை தாக்குப்பிடித்தார். விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் நாலாவது அண்ணன், யூதா. அதற்கடுத்த வருசம், அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுபோய்த் தகப்பனிடம் காட்டிய இடத்தில் எழுந்தார். அன்றைக்குக் குதிரைகள் தண்ணீர் குடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு கதையைக் கேட்டு முடிக்க அந்த மனுசனுக்கு ஏழு வருசம் பிடித்தது.

அறுபதாம் வருசம் வாக்கில் ஒரு சண்டையும் போட்டார். விற்கப்பட்ட யோசேப்பு அயல்நாட்டில் மந்திரியாகிவிட்டான், பஞ்சத்துக்குத் தானியம் அளக்கிறான் என்று அம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுப் பெரிய மந்திரி, அப்பனுக்கு ஒரு சேதி அனுப்பக் கூடாதாங்கம்மா?" என்றார் திருமலைச்சாமி. குரல் தடித்திருந்தது. "அண்ணன் தப்புப் பண்ணிட்டான், சரி. இவன் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டா என்ன கொறஞ்சு போகும்?"

அம்மாள் புத்தகத்தை மூடிவைத்து அவரைப் பார்த்தார். அந்தக் கேள்வியை எங்கள் பெரியவர்களும் ஆயிரம் வருசமாகக் கேட்டிருக்கிறார்கள் என்றார். அண்ணன்மார்கள் மாறினார்களா என்று அவன் காத்திருந்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்களாம். பிறகு, உங்கள் தம்பி எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தம்பி இருப்பதாகத் திருமலைச்சாமி சொன்னதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பாறைக்குப் போகும்போது, அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் திருமலைச்சாமி கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டார். மலையில் அது தெரிந்த ஒரே ஆள் அம்மாள்தான்.

அறுபத்துமூன்று மார்கழியில் கதை முடிவுக்கு வந்தது. தானியம் வாங்க வந்த அண்ணன்மார்களுக்கு யோசேப்பை அடையாளம் தெரியவில்லை. அவன் கடைசித் தம்பி பென்யமீன் மேல் திருட்டுப் பட்டம் கட்டி, இவன் மட்டும் எனக்கு அடிமையாக இருக்கட்டும், நீங்கள் போகலாம் என்கிறான். தம்பியை விட்டுவிட்டுப் போவதற்கு மறுபடியும் ஒரு நல்ல வாய்ப்பு. அப்போது யூதா முன்னால் வருகிறான்.

"யூதா சொல்வதாவது," என்று வாசித்தார் அம்மாள். "இந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு. இவனை என் கையிலே கேளுங்கள் என்று என் தகப்பனிடம் சொல்லி வந்தேன். ஆகையால் இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன். பிள்ளை மேலே தன் ஊருக்குப் போகட்டும்."

"கையா? கைன்னா எழுதியிருக்கு?"

"கை என்றுதான் எழுதியிருக்கிறது."

திருமலைச்சாமி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அம்மாள் பேசிக்கொண்டே போனார். எங்கள் ஜனத்துக்கு யூதாவின் பேர்தான் வைத்திருக்கிறது, யோசேப்பின் பேர் இல்லை. யோசேப்பு உத்தமன், கெட்டிக்காரன், ஒரு தேசத்துக்கே சோறு போட்டவன். இருந்தும் ராஜாக்கள் எல்லாரும் யூதா வம்சத்தில் வந்தார்கள். சின்ன வயசில் என் அண்ணன் இது நியாயமா என்று சண்டை போடுவான். என் தகப்பனார் சொல்வார், தப்பே செய்யாதவனைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பயமாக இருக்கும். தப்புச் செய்து, அதே இடத்துக்கு மறுபடி வந்து, இந்தத் தடவை நான்தான் என்று முன்னால் நின்றவனைத்தான் அவர்கள் நம்பிப் பின்னால் போவார்கள் என்று.

அண்ணன் இப்போது எங்கே இருக்கிறார் என்று திருமலைச்சாமி கேட்டார்.

"தெரியாது. ஒரு அற்பக் காரியத்துக்காகச் சண்டை போட்டேன். சொல்லிக்கொள்ளாமல் கப்பல் ஏறினேன். பிறகு யுத்தம் வந்தது. எழுதிய காகிதம் எல்லாம் திரும்பி வந்தது." அம்மாள் வடக்குப் பக்கம் கை காட்டினார். "நீங்கள் பாறை வரைக்கும் போகிறீர்கள். எனக்குப் போய் நிற்பதற்குப் பாறைகூட இல்லை, திருமலைச்சாமி."

அந்த வருசம் ஐப்பசியிலேயே பெரியதனம் நல்லுசாமி காலமாகிவிட்டார். தை பிறப்பதற்கு முன் புதுப் பெரியதனத்தை உட்கார வைக்க வேண்டும். ஊர் ஒரே வாயாகத் திருமலைச்சாமி பெயரைச் சொன்னது. பன்னிரண்டு வருசமாக மடையில் ஒரு குறை கிடையாது, வாயதிர்ந்து பேசாத ஆள், தம்பி செய்த கேட்டுக்குத் தலைகுனிந்து நடக்கிற மனுசன். கடைசிக் காரணத்தைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்கள். புதுப் பெரியதனத்துக்குத் தலைப்பாகை கட்டுவது கூடப்பிறந்தவன். கூடப்பிறந்தவன் எல்லைக்கு வெளியே இருப்பதால் ஒன்றுவிட்ட தம்பி குமாரவேல் கட்டட்டும் என்று முடிவு செய்தார்கள். அவனும் குளித்து, வெள்ளைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு நின்றான்.

கோயில் முன்னால் அதே இடம். உறைபனி வெயிலில் உருகி ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. குமாரவேல் துணியை உதறினான். தலையைக் குனிந்து கொடுத்தால் போதும். மிச்ச ஆயுசுக்கும் மரியாதை. திருமலைச்சாமி கம்பளியை எடுத்துப் படியில் வைத்துவிட்டு வலது கையால் கோயில் படியைத் தொட்டார்.

"மடையத் தெறந்தது எந்தம்பி இல்ல. நாந்தான்," என்றார். "கட்டைய ஒடச்சதும் நாந்தான். நீங்க மூணு தடவ கேட்டப்ப இந்தக் கைய உள்ள வச்சிருந்தேன். இப்ப என்னைய நிறுத்திக் கேளுங்க."

குமாரவேல் துணியை என்ன செய்வது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, ஊரில் மூத்தவர் சுப்புராஜ் எழுந்து வந்தார். அவருடைய இரண்டு எருதுகள் அந்தக் கோடையில் செத்தவை. வழக்கத்தை விட முடியாது என்றார். கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று முதல் தரம் கேட்டார். பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் தரம் கேட்டார். பெண்கள் நிற்கிற பக்கத்திலிருந்து முருகம்மாள் வந்து கையை நீட்டினாள். அவள் முகம் அழுது சிவந்திருந்தது. புருசன் மேல் அவளுக்கு அன்றைக்கு இருந்தது பாசம் இல்லை, ஆத்திரம். மாமனாருக்குப் பொய் சொல்லிக் கஞ்சி கொடுத்தவள் அவள். ஆனாலும் நீட்டினாள். பொம்பளை கை செல்லாது தாயி என்றார் சுப்புராஜ். மூன்றாம் தரமும் கேட்டு முடித்தார். முருகம்மாளின் கை அதுவரை நீண்டபடியே இருந்தது.

வழக்கப்படி மூன்று உறைபனி கழியும்வரை எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது. அதற்குப் பிறகு யாராவது கை கொடுத்தால் வரலாம். பழனிச்சாமிக்கு இனி விலக்கு இல்லை. திருமலைச்சாமி ஒரே ஒரு குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்.

பாறையில் அவர் அன்றைக்கு நிற்கவில்லை. கால் தானாக இறங்கியது. இவ்வளவு கிட்டவா இருந்தது என்று வழி நெடுக நினைத்துக்கொண்டே போனார். தோட்டத்து ஓரத்தில் ஒருவன் கல்கட்டு வைத்துக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்துநாலு வயசுக்கு அது அதிகம். கல்லைத் தூக்கிய நிலையில் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஊர் முன்னாடி சொல்லிட்டேன் பழனி," என்றார் திருமலைச்சாமி. வேறு எதையும் யோசித்து வரவில்லை. "நாந்தான்னு சொல்லிட்டேன்."

பழனிச்சாமி கல்லை அதன் இடத்தில் வைத்தான். ஆடாமல் உட்காரும்வரை அழுத்திப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஏரியில தண்ணி எம்புட்டுக் கெடக்கு?" என்றான்.

திருமலைச்சாமி கல்கட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். முக்கால்வாசி கெடக்கு என்று சொல்லி முடிக்க வெகு நேரம் ஆயிற்று. தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், தொடவில்லை. ஐயா என்னைக் கேட்டாரா என்றான். தினமும் பொழுது சாயக் கேட்டார் என்றார் அண்ணன்.

"அன்னைக்குக் காலையில ஒன் கால்ல மடைச்சேறு இருந்துச்சு. நான் பாத்தேன்," என்றான் பழனிச்சாமி.

"அப்ப ஏன்ல சொல்லல?"

"நீ கை குடுப்பேன்னு இருந்தேன். அவுக மூணு தடவ கேட்டு முடிக்கிறவரைக்கும் ஒன் கம்பளியத்தான்ணே பாத்துக்கிட்டு நின்னேன்."

அன்றைக்கு அன்னக்கொடி, அதாவது பழனிச்சாமியின் மனைவி, இருவருக்கும் சோறு போட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு திருமலைச்சாமி வந்த காரியத்தைச் சொன்னார். மடை ஆள் இல்லாமல் கிடக்கிறது, பனிக்காலத்தில் தண்ணீர் முறை தவறினால் ஊர் கெட்டுப்போகும், நீ குடும்பத்தோடு மேலே போ, இந்த வீட்டில், இந்த வேலையில், உனக்குப் பதில் நான் இருக்கிறேன். பழனிச்சாமி இரண்டு நாள் பேசாமல் கல் வைத்தான். மூன்றாம் நாள் சாமான்களைக் குதிரை மேல் ஏற்றினான். அண்ணனிடம் கல்கட்டுகிற சம்மட்டியைக் கொடுத்தான், அவர் அதை வலது கையால் வாங்கினார்.

ஊர் பழனிச்சாமியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. செய்த அநியாயத்துக்கு ஈடு கட்ட அவனையே பெரியதனமாக உட்கார வைக்கவும் பார்த்தது. வேலையை எல்லாம் பார்க்கிறேன், தலைப்பாகையைக் கூடப்பிறந்தவன்தான் கட்ட வேண்டும், அண்ணன் வரும்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மடைக்கம்பை மட்டும் எடுத்துக்கொண்டான்.

பிறகு மூன்று வருசம் கதை தலைகீழாக நடந்தது. பழனிச்சாமி வியாழக்கிழமை பொதிக்குதிரைகளோடு புறப்பட்டு வெள்ளிக்கிழமை கோடைக்கானல் வருவான். சனிக்கிழமை விடிந்ததும் திருமலைச்சாமி பேத்துப்பாறையிலிருந்து ஏறி வருவார். பியானோ அம்மாளின் கொட்டகையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருப்பார்கள். ரொம்பப் பேச மாட்டார்கள். வந்ததும் அண்ணன் கேட்பது ஒரே கேள்வி, ஏரியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது. தம்பி மடைக்கல்லில் எத்தனை படி என்று சொல்வான். அதற்குப் பிறகுதான் முருகம்மாள், மாடு, கிழங்கு எல்லாம். ஏரியைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் திருமலைச்சாமியின் கண் வேறு எங்கோ போய்விடும். பாறைக்கு அவர் இப்போதும் போனார், ஆனால் முதுகைத் திருப்பிக்கொண்டு மேற்கே, மேல்மலையைப் பார்த்து நின்றார். அங்கிருந்து கூக்கால் தெரியாது. இருந்தாலும் நின்றார்.

தம்பி முதலில் என்ன கேட்டார் என்று ஒரு நாள் பியானோ அம்மாள் விசாரித்தார். தண்ணீரைத்தான் கேட்டான் என்று சொன்னார் இவர். அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். யோசேப்பும் அப்படித்தான், அழுது தன்னை யார் என்று சொன்னவுடன் முதலில் கேட்டது என் தகப்பனார் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் என்றார். அந்த வருசங்களிலும் அவர் காகிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். புது ஊர்கள், புது விலாசங்கள். திருமலைச்சாமிதான் தபாலாபீசில் கொண்டுபோய்ப் போடுவார். பெட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் நகர்வார்.

அறுபத்தேழு ஜனவரி. மூன்றாவது உறைபனியும் கழிந்திருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை, அம்மாள் வராந்தாவில் அதே கதையை வாசித்துக்கொண்டிருந்தார். திருமலைச்சாமி படியேறி வந்தபோது குதிரைகள் வெறும் முதுகோடு நின்றன. ஒரு மூட்டை இல்லை, சாக்கு இல்லை. பழனிச்சாமி குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். தோளில் தலைப்பாகைக்கு மடித்த நீளத் துணி ஒன்று கிடந்தது. கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று ஊர் கூடிக் கேட்டிருக்கிறது. தம்பி இரண்டாம் தரம் கேட்க விடவில்லை என்பது பின்னால் முருகம்மாள் சொல்லித்தான் தெரியும்.

வெறும் குதிரைகளைப் பார்த்தும் திருமலைச்சாமிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழக்கதோசம், வாய் முந்திக்கொண்டது.

"ஏரியில தண்ணி எம்புட்டுக் கெடக்குல?"

"நீயே வந்து பாத்துக்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் பழனிச்சாமி கையை நீட்டினான்.

அம்மாள் வாசிப்பதை நிறுத்திவிட்டார். திருமலைச்சாமி கம்பளியை விலக்கி வலது கையை வெளியே எடுத்தார். தம்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தான். எல்லைக்கல் வரைக்கும் விடவே இல்லை.